திருகு யார் கையில்?

விருந்துக்கு வந்தவர்களை மரியாதையாக உட்கார வைத்து, அவர்கள் ஆசனத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீரைப் பீச்சி அடிக்க ஏற்பாடு செய்து வைத்திருந்த ஒரு மதகுருவைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இது புராணமல்ல, சரித்திரம். அந்த மேஜை இன்றும் இருக்கிறது. அந்த ஆசனங்களும் இருக்கின்றன. நீரும் நிற்கவில்லை.

இடம் ஸால்ஸ்பர்க். சங்கீத மேதை மொஸார்ட் பிறந்த நகரம். இன்று ஆஸ்திரியாவைச் சேர்ந்த அவ்வூர், அந்தக் காலத்தில் தனி ராஜ்யம். அதை ஆண்டவர் ஆர்ச்பிஷப் என்னும் தலைமைக் குரு. செங்கோலும் ஜபமாலையும் ஒருவர் கையிலேயே இருந்தன. 1612 முதல் 1619 வரை அந்தப் பீடத்தில் இருந்த மார்க்கஸ் ஸிட்டிகஸ் என்பவர், நகருக்கு வெளியே ஒரு குன்றின் அடிவாரத்தில் ஹெல்புருன் என்ற மாளிகையைக் கட்டினார். வேலை 1613-இல் தொடங்கியது. அந்த மாளிகையில் படுக்கையறையே கிடையாது! கோடைப் பகலில் வந்து களித்துவிட்டு, மாலையில் நகருக்குத் திரும்பிவிடுவதற்காகக் கட்டியது. உறங்குவதற்கு ஒரு மாளிகை, விளையாடுவதற்கு ஒரு மாளிகை! பிரபுக்களின் பாடு அப்படி.

குன்றிலிருந்து வற்றாத ஊற்றுகள் சுரந்து வந்தன. அந்த நீரை அவர் குழாய்களில் அடக்கி, தோட்டம் முழுவதும் ஓட விட்டார். பம்பு கிடையாது, நீர் மேலேயிருந்து கீழே வருவதே அங்கே உள்ள சக்தியெல்லாம். அதைக் குறைவாக மதிப்பிட்டுவிடக் கூடாது. பதினாறு அடி உயரத்தில் நிற்கும் நீருக்குக் கீழே ஒரு சிறு வாயைத் திறந்துவிட்டால், உராய்வினால் ஏற்படும் நஷ்டத்தை நீக்கிப் பார்க்கும்போது, அது விநாடிக்கு முப்பத்திரண்டு அடி வேகத்தில் வெளியே பாயும். அப்படிப் பாய்ந்த நீர், தான் எந்த உயரத்திலிருந்து வந்ததோ அந்த உயரத்துக்கே திரும்பவும் ஏற முயலும். பிறந்த வீட்டை மறக்காத பெண்ணைப் போல என்று சொல்லலாம்.

இந்த ஒரு தத்துவத்தை வைத்துக்கொண்டு அங்கே செய்திருக்கும் வேடிக்கைகள் பல. மூன்றை மட்டும் சொல்லுகிறேன்.

முதலாவது, மேலே சொன்ன மேஜை. சலவைக் கல்லால் ஆனது. அதன் நடுவே திராட்சை மதுவைக் குளிர வைப்பதற்கு ஒரு நீர்த்தொட்டி. சுற்றிலும் கல் ஆசனங்கள். விருந்தாளிகளின் ஆசனங்களில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துவாரம். மறைவில் இருக்கும் திருகைத் திறந்தால், துவாரங்களிலிருந்து நீர் பாயும். பிரபு எழுந்திருக்கும் முன்னால் விருந்தாளி எழுந்திருப்பது மரியாதையல்ல என்பது அக்கால வழக்கம். ஆகையால் நனைந்தபடியே புன்னகை புரிந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். துவாரம் இல்லாத ஆசனம் ஒன்றே ஒன்று. அது யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, தகரத்தினால் செய்த ஒரு கோர முகம். 'கெர்மௌல்' என்று பெயர். அதன் உள்ளே இருக்கும் பாத்திரத்தில் நீர் சிறுகச் சிறுக நிரம்பும். நிரம்பியதும் பாரம் தாங்காமல் பாத்திரம் சாயும். உடனே முகம் கண்களை உருட்டி, நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டும். நீர் கொட்டிப் போனதும் பாத்திரம் பழைய நிலைக்கு வரும். நாக்கும் உள்ளே போய்விடும். தம்மைக் குறை சொன்னவர்களுக்கு ஆர்ச்பிஷப் அளித்த பதில் இது என்று சொல்வார்கள்.

மூன்றாவது, ஒரு கிரீடம். செங்குத்தாகப் பாயும் நீர்த்தாரை ஒன்று அதை ஆகாயத்தில் தூக்கி நிறுத்துகிறது. திருகைக் கூட்டினால் கிரீடம் உயர்கிறது, குறைத்தால் இறங்குகிறது, அடைத்துவிட்டால் பூமிக்கு வந்துவிடுகிறது. அதிகாரத்தின் ஏற்ற இறக்கத்துக்கு இதைவிட நல்ல உபமானம் எந்தக் கவிக்குத் தோன்றும்? ஆனால் அந்தத் திருகு தம்முடைய ஆட்கள் கையில் இருக்கிறவரையில், உபமானத்தின் பொருளைப் பற்றிப் பிரபுவுக்கு என்ன கவலை!

பின்னால் வந்த ஓர் ஆர்ச்பிஷப்பின் காலத்தில், 1748-க்கும் 1752-க்கும் இடையில், அதே தோட்டத்தில் ஒரு பொம்மை நகரம் எழுந்தது. லோரன்ஸ் ரோஸனெக்கர் என்ற உப்புச் சுரங்கத் தொழிலாளி அதைச் செய்தார். நீரினால் சுழலும் சக்கரம் ஒன்று சுமார் இருநூறு மரப் பொம்மைகளை ஆட்டி வைக்கிறது. நாவிதர் சவரம் செய்கிறார், கசாப்புக்காரர் வெட்டுகிறார், காவற்படை அணிவகுத்துச் செல்கிறது. சக்கரங்களின் கடகட ஓசை காதில் விழாதிருக்க, நீரினாலேயே வாசிக்கும் ஓர் ஆர்கன் வாத்தியமும் உண்டு. தொழிலாளியின் கைத்திறமைக்கு எத்தனை புகழ் சொன்னாலும் தகும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தோட்டத்தில் சாதாரண ஜனங்களுக்குக் கிடைத்த இடம் அதுதான்: பிரபுவின் நீர் ஓடும்போது ஆடி, அது நின்றதும் நின்றுவிடும் பொம்மைகளாக.

நீர் விளையாட்டுக்கு நம் நாட்டில் ஓர் அழகான தர்மம் உண்டு. மஞ்சள் நீர் விளையாடும்போது, குடத்தைக் கையில் எடுத்தவர் தாமும் நனையத் தயாராக இருக்க வேண்டும். அத்தை மகன் மேல் ஊற்றிவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்வது விளையாட்டில் சேர்த்தியல்ல. ஹெல்புருன் மேஜையில் குறைந்தது இந்தத் தர்மந்தான். பிறர் நனைய ஒருவர் மட்டும் உலர்ந்திருந்தால், அதன் பெயர் விளையாட்டல்ல. அதிகாரம் விளையாட்டு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது.

இனி மூன்று நூற்றாண்டு தாண்டி வருவோம். ஸ்விட்ஸர்லாந்தில் பேஸல் நகரின் பழைய நாடகசாலையை இடித்துவிட்டார்கள். அதன் மேடை இருந்த இடத்தில், 1977-இல், ஜான் டாங்கெலி என்ற சிற்பி ஒரு நீர்நிலையை அமைத்தார். நாடகசாலையில் மிஞ்சிய பழைய இரும்புச் சாமான்களைக் கொண்டு சில யந்திர உருவங்களைச் செய்து ஆழமில்லாத அந்த நீரில் நிறுத்தினார். மின்சார மோட்டாரின் உதவியால் ஒன்று நீரை வாரி இறைக்கிறது. ஒன்று சல்லடை போட்டுச் சலிக்கிறது. ஒன்று தலையை ஆட்டி ஆட்டித் துப்புகிறது. லாபமுள்ள காரியம் எதையும் அவை செய்வதில்லை. நடிகர்கள் போன பிறகு இரும்பு நடிக்கிறது. கட்டணம் கிடையாது, மதிலும் கிடையாது. வழியில் போகிறவர் யாராயினும் நின்று சிரித்துவிட்டுப் போகலாம்.

அமெரிக்காவில் சிக்காகோ நகரம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2004-இல் அங்குள்ள மில்லெனியம் பூங்காவில் ஹௌமே ப்ளென்ஸா என்ற ஸ்பானிய சிற்பி, கண்ணாடிச் செங்கல்லால் ஐம்பது அடி உயரமுள்ள இரண்டு கோபுரங்களை எதிரெதிராக நிறுத்தினார். இடையே பாதம் மட்டும் நனையும் அளவுக்கு நீர். கோபுரங்களின் முகப்பில் ஒளித்திரை; அதில் பிரம்மாண்டமான மனித முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. அரசர் முகமோ, தேவதையின் முகமோ அல்ல. அந்நகரத்தின் சாதாரண வாசிகள் சுமார் ஆயிரம் பேருடைய முகங்கள். முகம் கண்ணிமைக்கிறது, மெள்ள உதட்டைக் குவிக்கிறது, அடுத்த கணம் வாயிலிருந்து நீர் கொட்டுகிறது. கீழே குழந்தைகள் அதற்காகவே காத்து நிற்கிறார்கள்!

கெர்மௌல் முகத்தையும் இந்த முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வேடிக்கை நீரினால்தான் நடக்கிறது. ஆனால் முன்னது ஜனங்களைப் பார்த்துப் பழிப்புக் காட்டிய பிரபுவின் முகம்; பின்னது ஜனங்களின் முகமே. மேஜையில் உட்கார்ந்தவருக்கு நீர் எப்போது வரும் என்று தெரியாது, எழுந்து போகவும் முடியாது. இங்கே குழந்தைக்கு உதடு குவிவது தெரிகிறது. ஓடிப் போகலாம், போகாமல் நிற்கிறது. விரும்பி நனைவதற்கும், நனைக்கப்படுவதற்கும் உள்ள தூரம் அரசாட்சிக்கும் சுயராஜ்யத்துக்கும் உள்ள தூரந்தான்.

"குடிக்கத் தண்ணீருக்கே தவிக்கிறோம், இதில் விளையாட்டு வேறா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இத்தகைய நீர்நிலைகளில் பெரும்பாலும் அதே நீரையே திரும்பத் திரும்பச் சுற்ற விடுகிறார்கள் என்பது ஒரு பதில். ஆனால் எனக்கு இருக்கும் குறை வேறு. நம் ஊர்ப் பூங்காக்கள் பலவற்றில் நீரூற்று என்ற பெயரால் ஒரு தொட்டி இருக்கிறது. அதைச் சுற்றி இரும்பு வேலி இருக்கிறது. வேலியில் 'உள்ளே வராதே' என்ற பலகை இருக்கிறது. நீரைத்தான் காணோம்! யாராவது பெரிய மனிதர் வருகிற அன்றைக்குத் திறந்து, அவர் போனதும் மூடிவிடுகிறார்கள். பிரபுக்கள் போய்விட்டார்கள், உலர்ந்த ஆசனம் மட்டும் போகவில்லை.

நகரசபை மனம் திரும்பும் வரையில் காத்திருக்க வேண்டாம். ஒரு குடம் நீர் போதும். இரண்டு கணுவிடை நீளமுள்ள மூங்கில் துண்டு ஒன்றை எடுத்து, முன்பாகத்தின் வாயைச் சாய்வாக வெட்டிக்கொள்ளுங்கள். நடுக்கணுவுக்குச் சற்றுப் பின்னால் குறுக்கே துளையிட்டு, ஒரு குச்சியைச் செருகி, இரண்டு கவைக் குச்சிகளின் மேல் நிறுத்துங்கள். பின்பாகம் சற்று நீளமாக இருந்தால் அதன் கனத்தால் வாய் மேல்நோக்கி நிற்கும். வாயில் நீர் மெல்லிய தாரையாக விழட்டும். நிரம்பியதும் குனிந்து கொட்டிவிட்டு, துள்ளி எழுந்து, அடியில் வைத்த கல்லில் 'டக்' என்று தட்டும். ஜப்பானியத் தோட்டங்களில் மான்களை விரட்டுவதற்கு இதையே வைப்பார்கள். கெர்மௌல் நாக்கை நீட்டியதும் இதே தத்துவத்தினால்தான். கொட்டுகிற நீர் துளசிச் செடிக்குப் போகட்டும்.

தாரையைக் கூட்டினால் தாளம் விரையும், குறைத்தால் தளரும் என்பதைக் குழந்தை தானாகவே கண்டுபிடித்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழாயின் திருகை அதன் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்காருங்கள். வேஷ்டி நனைந்தால் கோபிக்க வேண்டாம். உலர்ந்த ஆசனத்தைத் தேடுவதும் வேண்டாம்.