தேர்தல் நாளைக் குறிப்பது யார்?

கோவை மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த மாமன்ற உறுப்பினர்கள் டவுன்ஹால் விக்டோரியா ஹாலில் பதவியேற்றது 2022 மார்ச் 2-ஆம் தேதி. இடையில் ஐந்து ஆண்டு நான்கு மாதம் கழிந்தது. ஒரு மாமன்றத்தின் முழு ஆயுளைவிட நீண்ட இடைவெளி. அந்தக் காலம் முழுக்க நூறு வார்டுகளுக்கும் மாநகராட்சி ஆணையரே தனி அலுவலர். கருத்துரு வைப்பவர் அவர். மன்றமாக அமர்ந்து அதைத் தீர்மானமாக்குபவர் அவர். பணியாணை தருபவரும் அவர். தணிக்கைத் தடை எழுந்தால் பதில் எழுத வேண்டியவரும் அவரே.

அந்த நாற்காலியில் அமர்ந்த எவருடைய நேர்மையையும் நாம் ஐயுறவில்லை. இவ்விதழின் வாசகர்களில் பலர் தனி அலுவலர்களாகப் பணியாற்றியவர்கள். இரவு பகல் பாராமல் உழைத்தவர்கள். கேள்வி அமைப்பைப் பற்றியது. பழைய மாநகராட்சிப் பகுதியின் 60 வார்டுகளுக்கு 24 மணி நேரக் குடிநீர் வழங்கும் ஒப்பந்தம் சூயஸ் நிறுவனத்துடன் கையெழுத்தானது 2018-இல். அதன் காலம் 26 ஆண்டுகள். திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஒரு தலைமுறையைக் கட்டிப்போடும் கையெழுத்து விழுந்த நாளில், எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை என்பதே நாம் குறிக்க வேண்டிய செய்தி.

இந்த நிலை வராமல் காக்கத்தான் அரசமைப்பு ஒரு காவலரை நியமித்தது. 73, 74-ஆவது திருத்தங்களின் வழி வந்த மாநிலத் தேர்தல் ஆணையம் அது. வாக்காளர் பட்டியலும் தேர்தலை நடத்துவதும் முழுவதும் அதன் பொறுப்பு என்கிறது 243-கே. ஆணையரை நீக்க வேண்டுமானால் உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே வழியில்தான் நீக்க முடியும். பழைய மன்றத்தின் காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கின்றன 243-இ, 243-யு. எழுத்தில் ஒரு குறையும் இல்லை.

குறை இருப்பது, தேர்தலுக்கு முன் முடிய வேண்டிய வேலைகள் யார் கையில் இருக்கின்றன என்பதில். எல்லையை மாற்றுவது அரசு. வார்டு இடஒதுக்கீட்டை அறிவிப்பது அரசு. ஊழியர்களைத் தருவதும் அரசு. 2016-இல் இடஒதுக்கீட்டுக் குறைகளைச் சுட்டி எழுந்த வழக்கில், அக்டோபர் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்தது. மறுவரையறைக்கென 2017-இல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த மறுவரையறை ஆணையத்துக்கு மாநிலத் தேர்தல் ஆணையரே தலைவரும் ஆனார். வரையறை முடிந்து தேர்தல் நெருங்கிய 2019-இல், நான்கு மாவட்டங்களை உடைத்து ஒன்பதாக்கியது அரசு. அந்த ஒன்பதிலும் வேலையை முதலிலிருந்து செய்யச் சொன்னது உச்ச நீதிமன்றம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகத் தேர்தல் அந்த டிசம்பரில் நடந்தது. ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. நகரங்கள் 2022 பிப்ரவரி வரை.

இத்தனை தாமதத்திலும் அரசுக்கு ஒரு நெருக்கடியும் வரவில்லை. ஆறு ஆறு மாதமாகத் தனி அலுவலர் காலத்தை நீட்டிக்கும் திருத்தங்கள் சட்டமன்றத்தில் நிறைவேறிக்கொண்டே இருந்தன. இழப்பு ஊர்களுக்குத்தான்: தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று 14-ஆவது நிதிக்குழு மானியத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. வங்கிக் கடன் வாங்கி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை நிறுவிய மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சியைப் போல, துணிந்து முடிவெடுக்க ஊருக்குப் பதில் சொல்லும் தலைவர் வேண்டும். பல ஊராட்சிகளைச் சேர்த்துச் சுமக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. 2025 ஜனவரி 5-இல் கொங்கு மாவட்டங்களின் ஊராட்சி மன்றங்கள் காலாவதியாயின. உரிய நாளுக்குள் தேர்தல் இல்லை. மறுபடியும் தனி அலுவலர்கள்.

தென்னாப்பிரிக்காவின் அனுபவம் இங்கே பாடமாகும். மக்களாட்சியைத் தாங்கும் சுதந்திர அமைப்புகளுக்கென்றே தன் அரசமைப்பில் ஒன்பதாம் அத்தியாயத்தை ஒதுக்கிய நாடு அது. தேர்தல் ஆணையமும் அதில் ஒன்று. தேவையான நிதியும் தன் பணி மீதான நிர்வாகக் கட்டுப்பாடும் இல்லாத ஆணையம் சுதந்திரமானதாகாது என்பதை அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 1999-லேயே தெளிவாக்கியது. 2021-இல் கொரோனாவைக் காட்டி உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிவைக்கக் கேட்டது அந்த ஆணையமே. பதவிக்காலம் முடிந்த 90 நாளுக்குள் தேர்தல் என்ற விதியைத் தளர்த்த மறுத்தது அதே நீதிமன்றம். நவம்பர் 1-ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தது. தொற்றுநோய்க்கே தளராத கெடு அங்கே. இங்கே ஒரு மாவட்டப் பிரிவினை போதும்.

நம் நீதிமன்றங்களும் வழிகாட்டாமல் இல்லை. மறுவரையறை முடியவில்லை என்பது தேர்தலைத் தள்ளக் காரணமாகாது, இருக்கும் வார்டுகளைக் கொண்டே நடத்துங்கள் என்று 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசுப் பணியில் இருப்பவரைத் தேர்தல் ஆணையராகக் கூடுதல் பொறுப்பில் வைக்கக் கூடாது என்று 2021-இல் கோவா வழக்கில் சொன்னது. ஆணையரின் பதவிக்காலத்தைக் குறைத்து அவரை வெளியேற்றிய ஆந்திர அரசின் அவசரச் சட்டத்தை 2020-இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் வழக்கு, வாய்தா, கெடு என்று போனால், தீர்ப்பு வருவதற்குள் பாதிப் பதவிக்காலம் கரைந்துவிடும்.

எனவே சட்டத்தில் நான்கு மாற்றங்கள் வேண்டும். பதவிக்காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே ஆணையம் தேர்தல் கால அட்டவணையை வெளியிட வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு வரும் எல்லை மாற்றம் எதுவும் அடுத்த தேர்தலுக்குத்தான் பொருந்த வேண்டும். புதிய இடஒதுக்கீட்டுப் பட்டியல் குறித்த நாளில் வராவிட்டால், கைவசம் உள்ள வார்டுகளையும் மக்கள்தொகைக் கணக்கையும் வைத்து அதை இறுதி செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கே வர வேண்டும். தனி அலுவலர் காலத்தில் ஐந்தாண்டைத் தாண்டும் எந்த ஒப்பந்தமும், அடுத்து வரும் மன்றம் ஏற்றால் மட்டுமே தொடர வேண்டும்.

சட்டம் திருந்தும் வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தனி அலுவலர்களாக இருப்போர், கொள்கை முடிவுகளுக்கெனத் தனிப் பதிவேடு வைத்து, புதிய மன்றத்தின் முதல் கூட்டத்தில் அதைத் தாக்கல் செய்யலாம். இதற்கு அரசாணை தேவையில்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கையர்கள் மன்றம் இல்லாத காலத்துச் செலவினங்களைத் தணிக்கை அறிக்கையில் தனிப் பத்தியாகக் காட்டலாம். வழக்கறிஞர்கள், காலம் முடிந்த பிறகு மனுப் போடுவதை விட்டு, கெடுவுக்கு ஆறு மாதம் முன்பே நீதிமன்றத்தை அணுகலாம்.

இவற்றைத் தொடங்க நல்ல வேளை இதுதான். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாநகராட்சிகளின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாளும் 2027 மார்ச் 1. கோவையைச் சுற்றியுள்ள ஊர்களை மாநகராட்சியோடு இணைக்கும் பேச்சும் இருக்கிறது. தள்ளிப்போடக் காரணம் தேடுவோருக்கு இரண்டும் தயாராக இருக்கின்றன. வார்டு வரைபடமும் வாக்காளர் பட்டியலும் இடஒதுக்கீட்டுக் கணக்கும் உங்கள் மேசையைத் தாண்டித்தான் ஆணையத்துக்குப் போகின்றன. அவற்றை உரிய நாளில் முடித்துக் கொடுங்கள். தாமதம் எங்கே நேர்ந்தாலும் அதைக் கோப்பில் எழுத்தால் பதிவு செய்யுங்கள்.

— ஆசிரியர்