பாடியவர் பெயர்: ஜவ்வாது மலைப் பாடல்களும் வெகுமக்கள் இசையின் அடையாள அரசியலும்

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் உள்ள நடுகல் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காக்கும் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்ட கல் அது. அவனுடன் நின்று கள்வரைக் கடித்துக் காவல்காத்த நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பலவும் இத்தகையன. அரசனின் ஆட்சியாண்டு, பூசல் நிகழ்ந்த ஊர், அதன் காரணம், பட்டவன் பெயர் ஆகியவற்றை ஓரிரு தொடர்களில் அவை பதிவுசெய்கின்றன.

இவ்வட்டாரத்தை ஒட்டி உயர்ந்திருப்பது ஜவ்வாது மலை. அங்குப் பாடப்படும் தாலாட்டும் ஒப்பாரியும் உழவுப் பாட்டும் விழாப் பாட்டும் அச்சிலும் மேடையிலும் இணையத்திலும் வெளிப்படும்போது, அவை பெரும்பாலும் ‘மலைவாழ் மக்கள் பாடல்’ என்னும் பொதுப்பெயரையே பெறுகின்றன. பாடியவர் பெயர் எங்கோ விடுபட்டுவிடுகிறது. நாட்டார் பாடல்கள் வெகுமக்கள் இசையோடு கலக்கும்போது அவற்றின் தூய்மை கெடுகிறது என்பது ஆய்வுலகில் நெடுங்காலமாக ஒலித்துவரும் கவலை. அக்கவலையைக் காட்டிலும் அடிப்படையானதொரு வினா உண்டு. பாடல் மலையைவிட்டு இறங்கும்போது பாடியவரின் பெயரும் உரிமையும் அதனுடன் இறங்குகின்றனவா? அடையாள அரசியலின் மையம் இவ்வினாவில்தான் உள்ளது என்றும், அதற்கு முதலில் விடையளிக்க வேண்டியவை தமிழ்த்துறைகளே என்றும் இக்கட்டுரை கருதுகிறது.

மலைபடுகடாமில் கேட்கும் குரல்கள்

இவ்வட்டாரத்தின் இசை குறித்த பழஞ்சான்று மலைபடுகடாம். செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் 583 அடிப் பாட்டு இது. செங்கண்மா இன்றைய செங்கம். அப்பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் தோன்றிச் செங்கம் வழியே பாயும் இன்றைய செய்யாறு. கூத்தர் சுமந்துசெல்லும் முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை முதலிய கருவிகளைப் புலவர் ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி விளக்குகிறார். தமிழ் இசைக்கருவி வரலாற்றை எழுதுவோர் எவரும் தவிர்க்க இயலாத பகுதி அது.

பாட்டின் நடுவில் மலையில் எழும் ஒலிகளின் நீண்ட வரிசை ஒன்று அமைகிறது. அருவியின் ஒலி, யானையின் பிளிறல், தேனழிப்போர் ஆரவாரம் ஆகியவற்றுக்கிடையே இரு பெண்குரல்கள் கேட்கின்றன. புலி பாய்ந்து புண்பட்ட கணவரின் நோய் தணியக் கொடிச்சியர் பாடும் பாட்டு ஒன்று. தினை குற்றும் மகளிர் பாடும் வள்ளைப்பாட்டு மற்றொன்று. மலைமகளிரின் வாழ்வில் பாட்டு மருந்தாகவும் உழைப்பின் துணையாகவும் இருந்தமைக்கு இவை சிறந்த சான்றுகள்.

ஆயினும் இவ்வரிசையின் அமைப்பு கருதத்தக்கது. புரவலன் பெயர் பாட்டில் உண்டு. பாடிய பெருங்கௌசிகனாரின் பெயரும் மரபில் நிலைத்துள்ளது. மலையில் பாடிய பெண்களோ ‘கொடிச்சியர்’, ‘மகளிர்’ என்னும் பொதுப்பெயர்களோடு அருவிக்கும் யானைக்கும் இடையே மலையின் ஒலிகளுள் இரண்டாக அடங்கிவிடுகின்றனர். இது புலவரின் குறையன்று. அகப்பொருள் மரபில் மக்களும் நிலத்தின் கருப்பொருளாகவே வருவர். ஆனால், மலைமக்களின் பாட்டை நிலக்காட்சியின் பின்னணி ஒலியாகக் கொள்ளும் பார்வை இலக்கிய மரபோடு நின்றுவிடவில்லை. மலையைக் காட்ட வேண்டிய இடத்தில் பொருளற்ற அசைகளையும் இறகு அணிந்த குழு நடனத்தையும் நிரப்பும் திரைப்பட வழக்கம் அப்பார்வையின் மலிந்த வடிவமாகும்.

அடையாளத்தின் சான்றாகும் பாட்டு

ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். இப்பெயர் மலையை இடமாகக் கொண்டவர் என்னும் பொருளது, கேரளத்தோடு தொடர்புடையதன்று. கல்வராயன், கொல்லி, பச்சை, சேர்வராயன், சித்தேரி, ஏலகிரி மலைகளிலும் இவர்கள் பரவி வாழ்கின்றனர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. இவர்களின் தாய்மொழி தமிழே. நிலப்பகுதியில் வேர்கொண்ட பாரதக் கதைகளும் தெருக்கூத்தும் மலையிலும் வழங்குகின்றன.

இந்நிலை இவர்களது அடையாளத்தைச் சிக்கலாக்குகிறது. 1965 இல் அறிக்கை அளித்த லோகூர் குழு, பழங்குடி என ஏற்பதற்குரிய அளவுகோல்களுள் ஒன்றாகத் ‘தனித்த பண்பாட்டை’க் குறிப்பிட்டது. 1976 இல் திருத்தப்பட்ட பட்டியலோ மாவட்டப் பெயர்களைச் சுட்டி, அவற்றில் வாழும் மலையாளிகளை மட்டும் பழங்குடியினராக ஏற்றது. அதனால் ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் மலையாளிகள் தங்களையும் பட்டியலில் சேர்க்குமாறு நெடுங்காலமாகக் கோரிவருகின்றனர். தமிழ் பேசுவோர், தமிழ்க் கதைகளைப் பாடுவோர் எவ்வாறு தனித்த பண்பாட்டினர் ஆவர் என்னும் ஐயம் எழுப்பப்படும் சூழலில், ஆடலும் பாடலும் கலைவடிவம் என்னும் நிலையைக் கடந்து சான்றாவணங்களாக மாறிவிடுகின்றன.

சான்றாக மாறிய பாட்டுக்கு மாறும் உரிமை குறைகிறது. ஜமுனாமரத்தூரில் மாவட்ட நிர்வாகம் நடத்தும் கோடை விழா போன்ற மேடைகளில் மலைக்கலை ‘மரபாக’த் தோன்ற வேண்டும் என்பது பார்வையாளரின் எதிர்பார்ப்பு. திரைப்பாடலின் மெட்டில் சொந்த ஊரைப் பற்றிப் பாட்டுக் கட்டிக் கைபேசியில் பதிவேற்றும் இளைஞரின் படைப்பு அவ்வெதிர்பார்ப்புக்குள் அடங்குவதில்லை. அவரது பாட்டு ஆய்வாளருக்குக் கலப்படமாகவும், அலுவலருக்குச் சான்றாகாததாகவும் தோன்றுகிறது. நகரத்து இளைஞரின் கானாவும் சொல்லிசையும் சமூக மாற்றத்தின் குரல்கள் என ஆராயப்படும் காலத்தில், மலை இளைஞரிடம் மட்டும் பழமையை எதிர்பார்ப்பது ஒருவகை மறுப்பே ஆகும்.

மலைமக்கள் வெளியுலகின் கவனத்துக்கு வரும் மற்றொரு வழி செய்தி. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேருள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். பொது நினைவில் அந்நிகழ்வு ‘இருபது கூலித் தொழிலாளர்கள்’ என்னும் எண்ணாகவே தங்கியுள்ளது. மேடையில் குழுவாகவும் செய்தியில் எண்ணாகவும் அறியப்படும் மக்களுக்குப் பெயரோடு அறியப்படுவது சிறிய உரிமை அன்று.

பெயரும் உரிமையும்: மூன்று நிகழ்வுகள்

வெகுமக்கள் இசை பெயரை அழிக்கவே செய்யும் என்று கூறிவிட முடியாது. அது பெயரை வழங்கவும் வல்லது. அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் சமூகப் பாடகி நஞ்சியம்மா, 2020 இல் வெளிவந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ என்னும் மலையாளத் திரைப்படத்துக்காக இருள மொழியில் தாமே எழுதிப் பாடினார். அப்பாடல் அவர் பெயரோடும் முகத்தோடும் வெளியானது. 2022 இல் அறிவிக்கப்பட்ட 68ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருதும் அவருக்குக் கிடைத்தது. முறையான இசைப்பயிற்சி இல்லாதவருக்கு இவ்விருது தகுமா என்னும் எதிர்ப்பும் எழுந்தது. பெயரற்ற ‘பழங்குடிப் பாட்டு’ திரையில் ஒலித்த காலங்களில் இவ்வெதிர்ப்பு எழவில்லை. பாடியவர் தனிக் கலைஞராக ஏற்கப்பட்டபோதே எழுந்தது.

தமிழில் 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ இரண்டாவது நிகழ்வு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளைப் பாடலாசிரியரும் பாடகருமான அறிவு அப்பாடலில் முன்னிறுத்தினார். ஒப்பாரியின் சாயலும் சொல்லிசையும் இணைந்த அப்பாடல் உலகெங்கும் பரவியது. பின்னர் ஓர் இதழின் அட்டைப்படத்தில் அறிவு இடம்பெறாமை விவாதமாயிற்று. 2022 சூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றி அப்பாடல் பாடப்பட்டபோது விவாதம் மீண்டும் எழுந்தது. உருவாக்கத்தில் எவர் பங்கு எவ்வளவு என்பதில் அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் ஆகிய மூவரும் தத்தம் விளக்கங்களை அளித்தனர். அவ்விளக்கங்களுள் எது சரி என்பது இங்கு ஆய்வுப்பொருள் அன்று. ஒப்பாரி மரபிலிருந்து வந்ததொரு பாடலில் ‘இது யாருடையது’ என்னும் வினா பொதுவெளியில் உரக்கக் கேட்கப்பட்டது என்பதே குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது நிகழ்வு ஆய்வாளரை நேரடியாகத் தொடுகிறது. 1970 இல் சாலமன் தீவுகளின் மலைட்டா தீவில் இசை ஆய்வாளர் ஊகோ செம்ப், அஃபுனக்வா என்னும் பெண் பாடிய தாலாட்டு ஒன்றைப் பதிவுசெய்தார். யுனெஸ்கோவின் இசைத்தட்டு வரிசையில் அது வெளியானது. 1992 இல் பிரான்சின் ‘டீப் ஃபாரஸ்ட்’ குழு அக்குரலைத் தாளக்கட்டோடு இணைத்து வெளியிட்ட பாடல் பெரும் வணிக வெற்றி பெற்றது. பதிவுசெய்த ஆய்வாளர் தாம் இசைவளிக்கவில்லை என்றார். பின்னர் அதே மெட்டு வேறோர் இசைக்கலைஞரின் தொகுப்பில் ஆப்பிரிக்கப் பழங்குடியினரின் தாலாட்டு என்னும் பெயரில் இடம்பெற்றது. மானிடவியலர் ஸ்டீவன் ஃபெல்ட் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். கல்விக்காகச் செய்யப்பட்ட பதிவே வணிகத்தின் மூலப்பொருளாயிற்று. பாடியவரின் பெயர் மட்டுமன்றி அவர் வாழ்ந்த கண்டமே மாறிப்போயிற்று.

ஆய்வாளரின் பொறுப்பு

தமிழ் நாட்டார் வழக்காற்றியலில் இதற்கு நல்ல முன்னோடிகள் உள்ளனர். நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ நூலில் பாடல்களின் கீழ் உதவியவர், சேகரித்தவர், இடம் ஆகிய குறிப்புகள் அளிக்கப்பட்டுள்ளன. இம்முறை எல்லா இடங்களிலும் தொடரவில்லை. ஆய்வேடுகளின் பிற்சேர்க்கையில் தகவலாளர் பட்டியல் இடம்பெறுகிறது. எந்தப் பாட்டு எவர் பாடியது என்னும் இணைப்பு பல வேளைகளில் இருப்பதில்லை. ஆய்வேடு நூலாகும்போது பட்டியலும் நீக்கப்பட்டுத் தொகுப்பாசிரியர் பெயர் மட்டும் எஞ்சுகிறது. ‘தகவலாளர்’ என்னும் கலைச்சொல்லே பாடகரைத் தகவல் தருபவராகச் சுருக்கிவிடுகிறது.

சட்டம் இவ்வகையில் ஆய்வு மரபைவிட முன்னேறியுள்ளது. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 இல் செய்யப்பட்ட திருத்தம் நிகழ்த்துநர் உரிமையை அறிமுகப்படுத்தியது. 2012 திருத்தத்தால் சேர்ந்த 38-பி பிரிவு, நிகழ்த்துநராக அடையாளம் காட்டப்படும் உரிமையை உறுதிசெய்கிறது. வீட்டு முற்றத்தில் பாடும் மூதாட்டியும் இச்சட்டத்தின் நோக்கில் நிகழ்த்துநரே. உண்மையான ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் மட்டுமே செய்யப்படும் பதிவுக்கு 39ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஆனால், அப்பதிவு இணையத்தில் ஏற்றப்பட்டாலோ இசையமைப்பாளரிடம் கைமாறினாலோ ஆய்வு என்னும் காரணம் அங்குச் செல்லாது.

2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1) பிரிவில் ‘கே’ கூறு, பல்லுயிர்ப் பெருக்கத்தையும் பண்பாட்டுப் பன்மையையும் சார்ந்த அறிவுச்சொத்து, மரபறிவு ஆகியவற்றின் மீது சமூக உரிமையை ஏற்கிறது. வன உரிமை என்றால் நிலப்பட்டா என்ற அளவிலேயே இச்சட்டம் பேசப்படுகிறது. சாமை விதைப்பையும் தேனெடுப்பையும் காட்டையும் பாடும் பாட்டு இக்கூறின் எல்லைக்குள் வருமா என்பதைத் தமிழ் ஆய்வாளரும் சட்ட அறிஞரும் இணைந்து ஆராய்தல் வேண்டும்.

இக்கருத்துக்கு இரு மறுப்புகள் எழலாம். நாட்டார் பாடல் சமூகத்தின் பொதுச்சொத்து. அதற்குத் தனியொருவர் பெயரைச் சூட்டுவது பொருந்தாது என்பது முதல் மறுப்பு. பாடலின் உரிமையும் நிகழ்த்தலின் உரிமையும் வேறானவை. ஓர் ஒப்பாரி மரபினுடையதாயினும், இன்ன நாளில் இன்னாரை இழந்து இவ்வாறு பாடியவர் ஒருவரே. பாடலைச் சமூகத்துக்கும் நிகழ்த்தலைப் பாடியவருக்கும் உரியதாகக் குறிப்பதில் முரண் இல்லை. பெயரை வெளியிடுவது பாடியவருக்குத் தீங்காகலாம் என்பது இரண்டாவது மறுப்பு. இது நியாயமானது. வசைப்பாட்டும், அலுவலரைச் சாடும் பாட்டும், குடும்பத் துயரைக் கூறும் பாட்டும் பாடியவரை இக்கட்டில் ஆழ்த்தக்கூடும். அதனாலேயே பெயரை வெளியிடுவதா மறைப்பதா என்னும் முடிவு பாடியவரிடம் இருத்தல் வேண்டும். இன்று அம்முடிவை ஆய்வாளரே, பெரும்பாலும் கேளாமலே, எடுத்துவிடுகிறார்.

நிறைவுரை

ஜவ்வாது மலையில் கள ஆய்வு மேற்கொள்ளும் தமிழ்த்துறைகள் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு பாடலின் கீழும் பாடியவர் பெயர், ஊர், நாள், பாடிய சூழல் ஆகியவற்றைப் பாடியவரின் இசைவோடு குறித்தல். பதிவு எங்கெங்குப் பயன்படும் என்பதை அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லி, அவ்விசைவையும் குரலாகப் பதிந்துகொள்ளுதல். சமூகப் பொதுப்பாடல்களுக்குக் கிராம சபையின் ஒப்புதலைக் கேட்டல். பதிவின் படி ஒன்றை ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ ஒப்படைத்தல். புதிதாகக் கட்டப்படும் பாட்டுகளையும் பழம்பாட்டுகளுக்கு நிகராகத் தொகுத்தல். இவற்றுக்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஆய்வேட்டு விதிமுறைகளில் ஒரு பக்கம் சேர்த்தால் போதும்.

மலைப்பாட்டு மாறிக்கொண்டே இருக்கும். திரைமெட்டும் சொல்லிசையும் அதனுள் புகும். அதுவும் திரைக்குள் புகும். அப்போக்குவரவை ஆய்வாளர் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. அப்பாட்டு நாளை எந்த மேடையில் ஒலித்தாலும், அதைப் பாடியவர் இன்னார், இன்ன ஊரினர் என்று காட்டும் பதிவு ஒன்று இருக்கச் செய்வது அவரால் இயலும். காவல்நாயின் பெயரையும் கல்லில் பொறித்த வட்டாரத்தில் பாடும் மக்களுக்கு ஆய்வுலகம் இதையாவது செய்தல் வேண்டும்.