வாத்தியாருக்கு ஒரு பாடம்: மலக்குழி

திருச்சி காட்டூர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில்தான் 2022 நவம்பரில் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. 13,210 அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை அறிவியலையும் கணக்கையும் செய்துபார்த்துப் படிக்க ஏற்பாடு. சோதனைப் பொருட்களோடு கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகப் போனார்கள். நல்லதுதான். ஆனா அவங்க வண்டி கிளம்பின பிறகு வகுப்பில் நிற்பது வாத்தியார்தானே? பி.எட். படிப்பில் கணக்குக்கு ஒரு கற்பித்தல் முறை, அறிவியலுக்கு வேறொன்று. இரண்டையும் சேர்த்து நடத்த அவரைத் தயாரிப்பது எப்படி?

ஒரு பாடத்தை முன்வைக்கிறேன்: மலக்குழி. அதில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கொஞ்சமா இருந்தா அழுகுன முட்டை நாத்தம். மிஞ்சினால் மூக்கே மரத்துப்போகும். இது வேதியியல். குழியின் கொள்ளளவு கணக்கு. வாயுவை அளக்கும் கருவி தொழில்நுட்பம். மனுசனுக்குப் பதிலாக இறங்கும் எந்திரம் பொறியியல். 2018இல் திருவனந்தபுரத்துப் பாதாளச் சாக்கடையில் 'பேண்டிகூட்' இறங்கியது. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013 சட்டம் குற்றமாக்கிய பிறகும் ஏன் நம்ம ஆளுங்களே சாவுறாங்க? இந்தக் கேள்வியைக் கேட்காத வகுப்பில் மற்ற நான்கும் வெறும் மனப்பாடம்.

1953இல் ராஜாஜியின் குலக்கல்வி அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டப் பார்த்தது. நான் கேட்பது அதற்கு நேரெதிர்: அந்தத் தொழிலை ஒழிக்கும் அறிவு. ஊர்ப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கற்க வேண்டிய அறிவு.

ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் தோழர்களே, இந்தப் பாடக்குறிப்பை நீங்களே எழுதி அனுப்புங்கள். இவ்விதழில் அச்சிடுவோம்.