அவன் குரல், அவள் முகம்

கைப்பேசி வந்துவிட்டது, இனி எல்லோரும் செய்தியாளர்தான், பத்திரிகை முதலாளியின் தயவு யாருக்கும் தேவையில்லை என்ற பேச்சைப் பத்து வருடமாகக் கருத்தரங்குகளில் கேட்டுவருகிறோம். பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் சென்னையில் இருப்பவர்கள். அவர்களைச் சேலம், நாமக்கல் பக்கம் அழைத்துவந்து, இந்த ‘எல்லோரும்’ யார் என்று காட்டச் சொல்ல வேண்டும்.

2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தன் தோழியோடு போயிருந்தார். தோழி கவுண்டர் சமூகத்துப் பெண். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. தேடப்பட்ட முதன்மைக் குற்றவாளி, தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் தலைவர் யுவராஜ், மூன்று மாதத்துக்கும் மேல் தலைமறைவாக இருந்தார். தலையைத்தான் மறைத்தார், குரல் வீடு வீடாகக் கேட்டது. வாட்ஸ்அப்பில் அவர் ஆடியோ வரும். சேனல்கள் அதை எடுத்துப் போடும். தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்தார். போலீசுக்குக் கிடைக்காத ஆள் ஸ்டுடியோவுக்குக் கிடைத்தார்.

அந்த வழக்கை விசாரித்தவர் திருச்செங்கோடு டிஎஸ்பி விஷ்ணுபிரியா. தலித் பெண் அதிகாரி. செப்டம்பர் 18 அன்று அவர் இறந்தார். தற்கொலை என்றது போலீஸ். அந்த மரணம் பற்றியும் ஆடியோ வந்தது, தேடப்படும் ஆளிடமிருந்தே. அவருக்கு நெருக்கடி கொடுத்தது யார் என்பதைக் கூடக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்தான் தமிழ்நாட்டுக்கு விளக்கினார், சேனல்கள் மைக்கைப் பிடித்தன. அக்டோபர் 11 அன்று சரணடையப் போவதையும் முன்கூட்டியே அறிவித்துவிட்டே நாமக்கல் சிபிசிஐடி அலுவலகத்துக்கு வந்தார். ஆதரவாளர்களும் கேமராக்களும் அங்கே காத்திருந்தன.

இதைத் தொழில்நுட்பத்தின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது. கோயிலின் சிசிடிவி பதிவும் அந்த வழக்கில் சாட்சியம். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது அந்தப் பதிவுக்குப் பெரிய பங்கு இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் பதிவைத் திரையிட்டு, இது நீங்கள்தானா என்று அந்தத் தோழியைக் கேட்டது. இல்லை என்றார். அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. கேமராவுக்குச் சாதியில்லை, சொந்தக்காரர்கள் இல்லை, தினமும் திரும்பிப் போக வேண்டிய ஊர் இல்லை. சாட்சிக்கூண்டில் நிற்கும் பெண்ணுக்கு இவையெல்லாம் உண்டு. ‘பிறழ்சாட்சி’ என்று அவர் பெயர் போட்டுச் செய்தி விற்றவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தையாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருடம், 2016 ஜூன். சேலத்தை அடுத்த இளம்பிள்ளை, தறிச் சத்தத்தில் விழிக்கிற ஊர். பட்டப்படிப்பு முடித்த ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறு உடலில் ஒட்டி யாரோ முகநூலில் போட்டார்கள். குடும்பம் போலீசுக்குப் போனது. படத்தை உடனே எடுங்கள் என்பது மட்டும்தான் கோரிக்கை. கிடைத்தது தாமதம். ஒரு காவலர் லஞ்சமாகச் செல்போன் கேட்டார் என்ற புகாரும் எழுந்தது. இரண்டாவது படம் வந்த மறுநாள், ஜூன் 27 அன்று, அவர் உயிரை விட்டார். பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார்.

அதற்கப்புறம் சேனல்கள் செய்தது என்ன? தன் முகம் இணையத்தில் சுற்றியதால் செத்த பெண்ணின் முகத்தை எடுத்து மறுபடியும் சுற்றவிட்டன. பெயர், படிப்பு, ஊர், கடைசிக் கடிதம் எல்லாம் வந்தது. அவர் பெயரை இங்கே எழுதாமலே என்ன நடந்தது என்று உங்களுக்குப் புரிந்துவிட்டதல்லவா? அப்படியானால் அன்றைக்கு அந்தப் பெயர் யாருக்குத் தேவைப்பட்டது?

2019 மார்ச்சில் பொள்ளாச்சி. ஒரு பெண் கெஞ்சி அழும் ஒலியைச் சேனல்கள் ஓயாமல் போட்டன. அது போன் போனாகப் போனது. நீதிக்காகத்தான் போட்டோம் என்கிறார்கள். நீதி கேட்க ஒரு முறை போதாதா? புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் பொதுவில் சொன்னது காவல் கண்காணிப்பாளரே. ஆக, பெண்ணின் குரல் வெளியே வரவே இல்லை என்று சொல்ல முடியாது. அலறலாக வந்தால் அதற்கு இடமுண்டு. எட்டுவழிச் சாலைக்கு எதிராக 2018-இல் சேலம் மாவட்டப் பெண்கள் வயலில் நின்று போராடியபோதும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது கிழவிகள் மண்ணில் புரண்டு அழுததும், போலீஸ் அவர்களைத் தூக்கிப்போனதும்தான். கிணறு, தென்னை, இழப்பீட்டுக் கணக்கு என்று அவர்கள் வைத்த வாதங்களுக்கு ‘விஷுவல்’ இல்லையாம்.

இப்படிப்பட்ட ஒவ்வொரு செய்திக்கும் பிறகு ஊரில் நடப்பது நமக்குத் தெரியும். மகளின் போன் பிடுங்கப்படும். கல்லூரி போதும் என்பார்கள். மகனின் போனைப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

கொஞ்சம் காசுக் கணக்கும் பேசுவோம். மாவட்டச் செய்தியை அனுப்புகிறவர்களில் பலர் மாதச் சம்பளம் இல்லாத ஆட்கள். செய்திக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர், விளம்பரமும் பிடித்துத் தர வேண்டியவர். உள்ளூர்ச் சாதிச் சங்கத் தலைவரை, லாரி முதலாளியை, தறிப் பட்டறைக்காரரைப் பகைத்துக்கொண்டு அவரால் எழுத முடியாது. அந்த வேலையில் பெண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கிற பெண்ணுக்குச் சம்பளமும் இல்லை, வண்டியும் இல்லை, பின்னால் நிற்க அலுவலகமும் இல்லை என்றால் யார் வருவார்கள்? வந்தவர்களுக்கு என்ன மரியாதை என்பதை 2018 ஏப்ரலில் எஸ்.வி.சேகர் பகிர்ந்த பதிவு காட்டியது. அதற்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை என்று தீர்ப்பு வர 2024 ஆனது.

முடியாது என்பவர்கள் உத்தரப்பிரதேசத்தைப் பார்க்கட்டும். 2002-இல் சித்திரக்கூட்டில் கிராமத்துப் பெண்கள், அதிலும் தலித் பெண்கள், ‘கபர் லஹரியா’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். பிறகு அச்சை விட்டு போனுக்கு மாறினார்கள். கையில் அதே போன்தான். ஆனால் யார் செய்தி எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கிற நாற்காலியும் அவர்களுடையது. சித்திரக்கூட் திருச்செங்கோட்டை விட இளகிய ஊர் ஒன்றும் இல்லை.

நமக்குக் ‘குரல் கொடுக்க’ யாரும் வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு பெண் நிருபராவது வேண்டும், அதுவும் மாதச் சம்பளத்தில். தேடப்படும் ஆளின் ஆடியோவை எந்தக் கேள்வியும் இல்லாமல் போட்ட ஆசிரியர், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இளம்பிள்ளைப் பெண்ணின் படம் இன்றைக்கும் தேடினால் வரும், மேலே சேனல் முத்திரையோடு. முதலில் அதை எடுங்கள். 2016-இல் அந்தக் குடும்பம் போலீசிடம் கேட்டதும் இதைத்தான்.