ஆக்கப் பொறுத்தோம், ஆறவும் பொறுப்போம்



திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976ல் திறக்கப்பட்டது. தள இணைப்புகள் தேய்ந்து வண்டிகளைத் தூக்கிப் போடவே, 2022ல் போக்குவரத்தை நிறுத்திப் பழுதுபார்த்தார்கள். 2023 மார்ச்சில்தான் மீண்டும் திறந்தார்கள். அந்த மாதங்களில் காந்தி மார்க்கெட் சரக்கு சுற்று வழியில் போயிற்று. வண்டி வாடகை ஏறிற்று. "சீக்கிரம் திறந்து விடுங்கள்" என்று கேட்டவர்களில் நாமும் உண்டு. கேட்டது சரிதானா என்று இப்போது யோசிக்கிறோம்.

தள இணைப்பை மாற்றினாலும் சரி, பாலத்தை அகலப்படுத்தப் புதுத் தளம் சேர்த்தாலும் சரி, பழைய கான்கிரீட்டோடு புதியதை ஒட்ட வைக்க வேண்டும். பழையதன் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசி போகக் கழுவி, துளையிட்டுக் கம்பி செருகி இறுக்கிய பிறகே கலவை போட வேண்டும். பழையது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்தது. புதியதோ காயக் காயச் சுருங்கும். ஆகவேதான் அகலப்படுத்தும்போது புதுத் தளத்தைத் தனியே வார்த்து, நடுவில் ஒரு பட்டை இடம் விட்டு, சில வாரங்கள் கழித்து அதை நிரப்பி இணைக்கும் முறை உண்டு.

அந்தப் பட்டை இறுகும் வேளையில் பக்கத்திலேயே லாரி ஓடினால் பழைய தளம் அதிரும். கம்பிக்கும் கலவைக்கும் உள்ள பிடிப்பு தளரும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாலு மழை கண்டால் விரிசல் வழியே நீர் இறங்கி உள்ளே கம்பி துருப்பிடிக்கும். பிறகு மறுபடியும் மூடல், மறுபடியும் சுற்று வழி. பத்து நாள் முந்தித் திறந்து நாம் கண்ட லாபம் வட்டியோடு திரும்பிப் போகும்.

சுமையிலும் நமக்குப் பொறுப்பு உண்டு. 2018 ஜூலையில் மத்திய அரசு, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான எடை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. அதற்கும் மேல் மூட்டை அடுக்குகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அடி வாங்குவது அந்த ஒட்டு இடம்தான்.

ஆகவே நம் சங்கம் இனி மனுக் கொடுக்கும்போது, "உடனே திற" என்று கேட்பதை விட்டு மூன்று விஷயங்களைக் கேட்கட்டும். பழைய தளத்தையும் தூண்களையும் சோதித்துப் பார்த்த பிறகே புதியதைச் சேர்க்க வேண்டும். தீபாவளி, பொங்கல் வியாபாரத்தை விட்டு மற்ற மாதங்களில் வேலையை வைத்துக்கொண்டு, மூடும் நாளையும் திறக்கும் நாளையும் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். கலவை இறுகும்வரை கனரக வண்டி எதையும், யார் சிபாரிசு செய்தாலும், விடக்கூடாது.

கடையில் ஒரு பாகஸ்தரைச் சேர்ப்பதற்கே ஆற அமர யோசிக்கிறவர்கள் நாம். ஆயிரம் பேர் உயிரையும் நம் சரக்கையும் சுமக்கும் பாலத்துக்காகச் சில வாரம் பொறுக்க மாட்டோமா?