ஊக்கத்தொகை மட்டும் நீரைக் காக்காது

நெல் சாகுபடியைக் கைவிட்டு வேறு பயிருக்கு மாறும் விவசாயிக்கு ஏக்கருக்கு 7,000 ரூபாய் வழங்கும் ‘மேரா பானி மேரி விராசத்’ (எனது நீர், எனது மரபுரிமை) திட்டத்தை ஹரியானா பாஜக அரசு 2020ஆம் ஆண்டு அறிவித்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இத்தொகை 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நிலத்தடி நீரைப் பாதுகாப்பதே நோக்கம் என்கிறது அரசு.

நோக்கத்தில் கருத்து வேறுபாடு இல்லை. குருக்ஷேத்திரம், கைத்தல், பதேஹாபாத் மாவட்டங்களில் நீர்மட்டம் இறங்க இறங்க, ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தும் செலவும் கடனும் விவசாயியின் தலையில்தான் விழுகின்றன. நீரின் அருமையை அவருக்கு யாரும் போதிக்கத் தேவையில்லை.

அப்படியிருந்தும் அவர் ஏன் நெல்லை விடவில்லை? பசுமைப் புரட்சிக் காலத்தில் நாட்டின் உணவுத் தேவைக்காக நெல்லையும் கோதுமையையும் பயிரிடச் சொன்னதும், அவற்றுக்குக் கொள்முதல் ஏற்பாட்டை உருவாக்கியதும் அரசுதான். 2025-26 காரிஃப் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மக்காச்சோளத்துக்கு 2,400 ரூபாய். காகிதத்தில் மக்காச்சோளமே மேல். ஆனால், நெல்லை அரசு முகமைகள் பெருமளவில் வாங்குகின்றன. மக்காச்சோளத்துக்கு அதற்கு இணையான கொள்முதல் இல்லை. வியாபாரி சொல்வதே விலை. இந்த இழப்பை ஏக்கருக்கு 8,000 ரூபாய் ஈடுசெய்யும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மாற்றுப் பயிரிட்டவர்களின் அனுபவமும் கசப்பானதே. 2021ஆம் ஆண்டு கம்பைக் கொள்முதல் செய்வதற்குப் பதிலாக, குவிண்டாலுக்கு 600 ரூபாய் கொடுத்து மாநில அரசு ஒதுங்கிக்கொண்டது. 2023ஆம் ஆண்டு சூரியகாந்திக்கு அறிவிக்கப்பட்ட 6,400 ரூபாய் ஆதரவு விலையைக் கேட்டு ஷாஹாபாத்தில் நெடுஞ்சாலையை மறித்த விவசாயிகளுக்குக் கிடைத்தது காவல்துறையின் தடியடி. எல்லாப் பயிர்களையும் ஆதரவு விலையில் வாங்குவதாக 2024ஆம் ஆண்டு அதே மாநில அரசு அறிவித்தது. அறிவிப்பு சட்டமாகாது, சட்டப் பாதுகாப்பு இல்லாத அறிவிப்பை நம்பி எந்த விவசாயி தன் நிலத்தைப் பணயம் வைப்பார்?

இன்னொரு அநீதியும் உண்டு. இத்தகைய உதவிகள் நில ஆவணங்களைச் சார்ந்தே வழங்கப்படுகின்றன. வாய்மொழிக் குத்தகையில் உழுபவரிடம் காட்ட ஆவணம் ஏது? சாகுபடியின் இழப்பு அவருக்கு. ஊக்கத்தொகை நில உடைமையாளருக்கு. நெல் நடவுக் கூலியை நம்பி வாழும் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களோ இக்கணக்கில் இடம்பெறவே இல்லை.

மூன்று வேளாண் சட்டங்களையும் முறியடித்த விவசாயிகளுக்கு, ஆதரவு விலை குறித்து 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு எழுத்துப்பூர்வமாக வாக்குறுதி அளித்தது. சட்டப்பூர்வ உத்தரவாதம் இன்றுவரை வரவில்லை. நிலத்தடி நீரைக் காக்கும் வழியும் அங்குதான் இருக்கிறது. பயறு வகைகளுக்கும் சிறுதானியங்களுக்கும் சட்டப்பூர்வமான ஆதரவு விலையும் உறுதியான கொள்முதலும் வேண்டும். அவ்வாறு வாங்கப்படுபவை பொது விநியோகத்தின் வழியாக ஏழைகளின் உணவாக வேண்டும். குத்தகை விவசாயிகளைப் பதிவு செய்து ஊக்கத்தொகையை அவர்களுக்கே வழங்க வேண்டும். வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு மாற்று வேலையும் நிவாரணமும் அளிக்க வேண்டும்.

நீர் அனைவருக்கும் சொந்தம். அதைக் காப்பதன் சுமையை விவசாயி மீது மட்டும் சுமத்துவதை ஏற்க முடியாது.