பன்றிச் சாப்ஸும் புளிப்பாகும்

மேல்நாட்டார் பன்றிச் சாப்ஸுக்கு ஆப்பிள் கூழைத் தொட்டுக்கொள்கிறார்கள். குடகு நாட்டுப் பெண்களோ, பழச்சாற்றைக் கறுக்கக் காய்ச்சிய கச்சம்புளியைக் கறியில் கடைசியாக விடுகிறார்கள். கொழுப்பு மிகுந்த கறிக்குப் புளிப்பு வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்! கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் குடியிருக்கும் சகோதரிகள் ஆப்பிளுக்கு அலைவானேன்? கல்வராயன் மலைப் புளியும் சுற்றுவட்டாரத்துக் கரும்பு வெல்லமும் போதாதா?

எலுமிச்சையளவு புளியைக் கரைத்து வடிகட்டி, 50 கிராம் வெல்லம், இரண்டு மிளகாய் வற்றல், சிட்டிகை சுக்குப்பொடி, உப்பு சேர்த்துக் கல்சட்டியில் தேன் பதம் வரக் காய்ச்சுங்கள். ஈயம் பூசாத பித்தளை உதவாது, களிம்பேறிவிடும்.

இனி, கறி. விலா எலும்போடு, விரல் கனத்தில் நறுக்கச் சொல்லி அரை கிலோ வாங்குங்கள். வாங்கும்போதே உற்றுப் பாருங்கள். சதையில் அரிசி போல் வெண்முத்துகள் தெரிந்தால் அவை நாடாப்புழுவின் குஞ்சுகள். கடைக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் திரும்பிவிடுங்கள். முத்துத் தெரியாத கறியையும் அரைவேக்காட்டில் இறக்கலாகாது. அந்தப் புழு ஒருவர் குடலில் வளர்ந்துவிட்டால், அதன் முட்டைகள் கழுவாத கை வழியே வீட்டுக் குழந்தையின் வயிற்றுக்குள் போய், மூளையில் கட்டியாகி வலிப்பைக் கொண்டுவரும். விளையாட்டல்ல!

மஞ்சள், மிளகு, பூண்டு, உப்பு அரைத்துத் தடவி அரைமணி ஊறட்டும். அரை தம்ளர் நீர் விட்டு மூடி, சிறு தீயில் முக்கால் மணி வேகவையுங்கள். எண்ணெய் வேண்டாம், நீர் வற்றியதும் தன் கொழுப்பிலேயே சிவக்கும். எலும்போரம் குத்தினால் சிவப்புச் சாறு வரக்கூடாது. பிறகு பாகை விட்டு ஒரு புரட்டு.

பச்சைக் கறி வைத்த பலகையில் வெங்காயம் அரியாதீர்கள். மீந்த பாகு மறுநாள் தோசைக்கு ஆகும்.